பால்கனி செட், தேக்கு பெஞ்சு, முட்டை ஊஞ்சல்: வெளியில் போட்டால் எது தாங்கும்?

கடையில் வரிசையாக நிற்கும் தோட்ட நாற்காலிகள் முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அழகுதான். கவிழ்த்துப் பார்த்தால்தான் எது மூன்று மழைக்காலம் தாங்கும், எது முதல் ஐப்பசியிலேயே பல்லிளிக்கும் என்று தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கவிழ்த்துப் பாருங்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும் கடற்கரை உப்புக்காற்றும் இருக்கையை விட்டுவிட்டு அடிப்பக்கத்தைத்தான் முதலில் தின்னும். வெல்டிங் வைத்த இடம், ஸ்க்ரூ துளை, காலின் அடியில் செருகிய பிளாஸ்டிக் மூடி, இழையை முடித்த ஆணி ஆகியவைதான் ஒரு சாமானின் ஆயுளைச் சொல்லும் இடங்கள்.

இன்று அதிகம் விற்பது விக்கர் செட். இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி டீபாய். அடுக்குமாடி பால்கனிக்கு என்று ஆன்லைனிலும் கடையிலும் குவிந்து கிடப்பது இதுதான். நிறை குறைகளை அதிலிருந்தே தொடங்கலாம்.

விக்கர் செட்: இழையும் சட்டமும்

பார்க்கப் பிரம்பு போல இருந்தாலும் இது பிளாஸ்டிக் இழை. நல்ல சரக்கு எச்.டி.பி.ஈ. என்ற அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். மட்டமானது பி.வி.சி. பி.வி.சி. இழைக்கு வளைவு கொடுக்க ஒரு மென்மையூட்டி கலப்பார்கள். வெயிலில் அது கசிந்து வெளியேற, இழை விறைத்து, பிறகு வளைவுகளில் வெடிக்கும். கை வைக்கும் இடத்திலும் முழங்காலுக்குப் பின்னால் வரும் விளிம்பிலும்தான் முதல் வெடிப்பு விழும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. மாதிரி இழைத்துண்டு ஒரு அங்குலம் கேளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் துளி சோப்பு விட்டு, துண்டை விரலால் அடிவரை அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன். அதன் அடர்த்தி 0.95 அளவில், தண்ணீரைவிடக் குறைவு. பி.வி.சி.க்கு 1.2க்கு மேல், அதனால் அடியிலேயே கிடக்கும். சுண்ணாம்புப் பொடி அதிகம் கலந்த மட்டமான பாலிஎத்திலீனும் மூழ்கும். அதுவும் வேண்டாத சரக்குதான், ஆகையால் மூழ்கினாலே தள்ளிவிடலாம். துண்டின் வெட்டுவாயையும் பாருங்கள். உள்ளே வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். உள்ளே வெளுத்து, மேலே மட்டும் காப்பி நிறம் என்றால் ஒரு கோடைக்குள் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

மிதப்பதனால் மட்டும் வெயில் தாங்கும் என்று ஆகிவிடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கலவை சேர்க்காத பாலிஎத்திலீனும் நொறுங்கும். அது இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. பில்லில் இழையின் பெயரையும் வெயிலுக்கான உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குவது ஒன்றே வழி. உத்தரவாதச் சீட்டில் ‘சட்டத்துக்கு மட்டும்’ என்று இருந்தால், இழையைப் பற்றித் தயாரித்தவருக்கே நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது என்ற வரி சில சீட்டுகளில் பொடி எழுத்தில் இருக்கும். திருவான்மியூரிலோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ வீடு என்றால் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது சட்டம். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டி விற்கும் செட்டுகளில் அநேகமாக இரும்புதான். இரும்பு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. மதுரை, திருச்சி, கோவை போன்ற உள்நாட்டு ஊர்களில், மழை நேராக அடிக்காத பால்கனியில், நன்றாகப் பூசிய இரும்புச் சட்டம் நெடுநாள் உழைக்கும். கடலுக்குப் பக்கத்தில் மட்டும் அலுமினியத்துக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள்.

குழாயின் கனத்தைக் கேஜில் சொல்வார்கள். எண் ஏற ஏறத் தகடு மெலியும். 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9 மி.மீ. நாற்காலிக்கு 18 கேஜ் போதும், மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 16 வேண்டும். 20 கேஜ் குழாயில் வெல்டிங் வைக்கும்போதே தகடு பொத்துக்கொள்வது உண்டு. அந்த ஊசித் துளை வழியாக நீர் உள்ளே போய், வெளியே பூச்சு பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

பவுடர் கோட்டிங் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்தப் பவுடர் என்று யாரும் கேட்பதில்லை. எபாக்சி பவுடர் உலோகத்தில் இறுகப் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சில மாதங்களிலேயே மாவு பூத்து மங்கும். அது வீட்டுக்குள் போடும் சாமானுக்கானது. வெளியில் போட பாலியஸ்டர் பவுடர் வேண்டும், கனம் 60 முதல் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் நீக்கி, பாஸ்பேட் குளியல் கொடுக்க வேண்டும். தொழிலில் ‘ஏழு தொட்டி’ முறை என்பார்கள். இதைச் செய்யாமல் வெறும் துணியால் துடைத்துவிட்டுப் பூசியிருந்தால், நகத்தால் கீறிய இடத்தில் பூச்சு ஏடாக உரிந்து வரும். இதைச் சோதிக்கத்தான் கவிழ்க்கச் சொல்கிறோம். காலின் உட்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள்.

கவிழ்த்த கையோடு இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். இருக்கைக்கு அடியில் குறைந்தது இரண்டு குறுக்குக் குழாய் இருக்க வேண்டும். வெறும் பின்னலே எடையைத் தாங்கினால், வெயிலில் இளகிய இழை மெல்ல மெல்ல நீண்டு இருக்கை தொட்டிலாகிவிடும், பிறகு இறுகாது. இழையின் முனைகளைச் சொருகி முடித்திருக்கிறார்களா, ஆணி அடித்து முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரும்பு ஆணியானால் முதல் துரு அங்கேதான். காலின் அடி மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கழன்று வந்தால் நல்லது, குழாய்க்குள் தேங்கும் நீரை வடிக்கலாம். ஒட்டியே இருந்தால் மூடியின் ஓரத்தில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடி டீபாயில் 5 மி.மீ. டஃபன்டு (சூடேற்றி உறுதிப்படுத்திய) கண்ணாடியும் மூலையில் அதற்கான முத்திரையும் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற சில்லுகள் தெறிக்கும், டஃபன்டு பொடிக்கட்டியாக உதிரும். டஃபன்டு கண்ணாடி நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் தாங்காது. செங்குத்தாக வைத்துத் தரையில் தட்டினால் மொத்தமும் போய்விடும். ஆடிக் காற்று வீசும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து மொட்டை மாடிகளில், வெறுமனே மேலே வைத்திருக்கும் கண்ணாடி எழுந்து பறக்கும். நான்கு மூலையிலும் ரப்பர் உறிஞ்சிக் குமிழ் இருக்கிறதா பாருங்கள். எங்களைக் கேட்டால் காற்று ஊரில் கண்ணாடியே வேண்டாம், பின்னல் மேசையோ அலுமினியத் தகடோ போதும்.

கறுப்பும் கடும் காப்பியும் படத்தில் எடுப்பாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் அதில் உட்கார முடியாது. மேற்குப் பார்த்த பால்கனிக்கு வெளிர் சாம்பல், வெளிர் தேன் நிறம் எடுங்கள்.

அளவிலும் ஏமாறுகிறார்கள். நம் அடுக்குமாடி பால்கனிகள் பல 4 அடி அகலம்தான், அதாவது 48 அங்குலம். சாய்வான விக்கர் நாற்காலி முன்பின் 26, 28 அங்குலம் பிடிக்கும். வெளியே பார்த்தபடி போட்டால் நடக்க 20, 22 அங்குலம்தான் மிஞ்சும். எதிரெதிரே பக்கவாட்டில் போடுவதற்கு இடம் இருக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இருக்கை உயரமும் முக்கியம். தாழ்வான செட்டுகளில் 14 அங்குலம்தான் இருக்கும், முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் எழ முடியாது. அவர்களுக்கு 17, 18 அங்குலமும், கை ஊன்றி எழ உறுதியான கைப்பிடியும் வேண்டும்.

பிரித்து அனுப்பும் செட்டுகளைப் பூட்டும்போது ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் பாதி வரை மட்டும் ஏற்றி, சமதரையில் நிறுத்தி, ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். நாற்காலி ஆடுகிறது என்ற புகார்களில் பல இதனால் வருவதுதான்.

மெத்தை

செட்டோடு வரும் மெத்தைதான் முதலில் போகும். உள்ளே இருப்பது சாதாரண ஃபோம் என்றால், ஒரு மழையில் நனைந்தால் இரண்டு நாளானாலும் நடுப்பகுதி காயாது, மூன்றாம் நாள் நாற்றமடிக்கும். வெளியில் போட, கண் கண்ணாகத் துளை உள்ள, நீர் உடனே வடியும் ஃபோம் தனியாக இருக்கிறது. விலை கூடுதல், நம் கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. சாதாரண 32 டென்சிட்டி ஃபோம் வாங்கிப் பயன்படுத்துவோர், உறையின் அடிப்பக்கத்துக்கு வலைத்துணி வைத்துத் தைத்து வாங்கினால் நீர் தங்காது. தைக்கும் நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வெயிலில் இற்று, துணி நன்றாக இருக்கும்போதே தையல் பிரியும். ரெக்ஸின் உறை வெளியில் வேண்டவே வேண்டாம், வெடித்து உரிந்து துணியெல்லாம் ஒட்டும். நனைந்த மெத்தையைப் படுக்கப் போட்டுக் காயவைக்காதீர்கள். ஜிப் பக்கம் கீழே வரும்படி ஓரத்தில் நிறுத்தினால் பாதி நேரத்தில் வடியும்.

தேக்கு

செலவழிக்க முடிந்தவர்களுக்கு வெளியில் போட இதைவிட நல்ல மரம் இல்லை. ஆனால் ‘தேக்கு’ என்று சொல்லி விற்பதெல்லாம் வெயில் மழை தாங்கும் தேக்கு அல்ல. மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில்தான் இயற்கையான எண்ணெயும் சிலிக்காவும் கறையானை அண்டவிடாத சத்தும் உண்டு. அதைச் சுற்றியுள்ள வெளிர்ப் பகுதியை ஆசாரிகள் ‘வெள்ளை’ என்பார்கள். அது மற்ற மரம் போலவே உளுக்கும், மக்கும். இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளைதான் அதிகம். சாயம் பூசி ஒரே நிறமாக்கிவிட்டால் கடையில் தெரியாது. மறுபடியும் கவிழ்க்க வேண்டியதுதான். அடிப்பக்கத்தில், பலகையின் முனைவாயில், பொன்பழுப்புக்கு நடுவே மஞ்சள் வெளுப்புப் பட்டைகள் இருந்தால் வெள்ளை கலந்திருக்கிறது. கால் கட்டையில் அது கொஞ்சமும் கூடாது.

பழைய வீடுகளை இடித்து எடுத்த தேக்கில் செய்வது புத்திசாலித்தனம். காரைக்குடிப் பக்கம் பர்மா தேக்குச் சட்டங்கள் இன்னும் கிடைக்கின்றன. பல பத்தாண்டு காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆணி முறிந்து உள்ளே இருக்கிறதா என்று ஆசாரி காந்தம் வைத்துப் பார்த்த பிறகே இழைப்புளியில் கொடுக்கட்டும்.

பொருத்துகளைக் கவனியுங்கள். ஒரு கட்டையில் துளை குடைந்து மற்றதன் முனையைச் செதுக்கிச் செருகி, குறுக்கே மரஆணி அடித்திருந்தால் அது வெளியில் நிற்கும். வெறும் பசையும் ஸ்க்ரூவுமாக இருந்தால் மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது இளகிவிடும். ஸ்க்ரூ போடுவதானால் ஸ்டெயின்லெஸ் மட்டும். இரும்பானால் துரு கட்டைக்குள் கறுப்புக் கறையாக இறங்கும். உட்காரும் பட்டிகளுக்கிடையே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி இருந்தால் நீர் நிற்காது.

ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஒரு சூது உண்டு. நம் ஊர்களில் கேட்டுக்கும் கைப்பிடிக்கும் மலிவாக விற்பது 202 ரகம். கடற்காற்றில் அது புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். 304 பரவாயில்லை, 316ல் மாலிப்டினம் கலந்திருப்பதால் கடலோரத்துக்கு அதுதான் ஏற்றது. இங்கே காந்தம் உதவாது, 202ம் 304ம் இரண்டுமே அநேகமாக ஒட்டாது. கடையில், ரகத்தைப் பிரித்துக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு துளி விட்டுக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வந்தால் இரண்டுக்கும் இடையில் நைலான் வாஷர் வேண்டும். உப்பு ஈரத்தில் இரு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும்.

தேக்கு வெளியில் கிடந்தால் ஓராண்டுக்குள் சாம்பல் வெள்ளி நிறமாகும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, மேல்தோல் மட்டும் வெளுத்திருக்கிறது. அந்த நிறம் பிடித்தால் ஒன்றும் பூசாமல் விட்டுவிடலாம், பராமரிப்பும் மிச்சம். பொன்னிறம்தான் வேண்டும் என்றால் வேலை உண்டு. தை பிறந்து மழை முற்றும் ஓய்ந்து மரம் நன்றாகக் காய்ந்த பிறகு ஆரம்பியுங்கள். ஒரு வாளி நீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, மென்மையான தூரிகையால் ரேகை ஓடும் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக் கம்பி நார் தொடவே கூடாது, அதன் துகள் மரத்தில் தங்கித் துருவாகும். கறுத்த கறை போகாவிட்டால், 1 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தடவி, 15 நிமிடம் விட்டு, நிறைய நீரால் அலசுங்கள். அது விஷம். கையுறை, கண் பாதுகாப்பு இல்லாமல் தொடாதீர்கள், செடி வேரில் வடிய விடாதீர்கள். மூன்று நாள் காயவிட்டு 120, பிறகு 180 எண் உப்புத்தாள் போடுங்கள். அதற்குமேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது.

கடையில் தேக்கு எண்ணெய் என்று விற்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோடு தின்னர் சேர்ந்த கலவை, தேக்கிலிருந்து எடுத்தது அல்ல. ஒரு நாற்காலிக்கு ஒரு பூச்சுக்கு 100 மில்லிக்குள் போதும். பூசி 15, 20 நிமிடத்தில், உறிஞ்சாமல் நிற்பதைத் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும். விட்டால் பிசுபிசுவென்று தூசியை இழுக்கும், மழைக்காலத்தில் அதன்மேல் கறுப்புப் பூஞ்சை படரும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்டோ நீரில் நனைத்தோதான் எறிய வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது காயாத எண்ணெய். சிக்கு வாடையும் எறும்பும்தான் மிச்சம். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் மெலமைன் பாலிஷும் வெளியில் ஆகாது, ஏடாக உரியும். பிரெஞ்சு பாலிஷ் மழை பட்டதும் வெள்ளை பூத்துவிடும். படலமாகப் பூசித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிப்புறத்துக்கென்றே வரும் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு. அதையும் உரிய ஆரம்பிப்பதற்கு முன்பே தேய்த்து மறுபூச்சு கொடுக்க வேண்டும்.

வேறு மரங்கள்? பூவரசும் பலாவும் வெளியில் நன்றாகவே நிற்கும். வேங்கை உறுதியானது, ஆனால் நனைந்தால் மஞ்சள் சாயம் விடும். வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தவர் எழுந்தால் தெரியும். ரப்பர் மரம், மாமரம் இரண்டும் வீட்டுக்குள் மட்டும். பிரம்பும் மூங்கிலும் மழை படாத திண்ணைக்குத்தான். மூங்கிலைப் போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தாமல் விற்றால் ஆறு மாதத்தில் அடியில் மாவு கொட்டும், உளு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

முட்டை ஊஞ்சல்

படத்துக்கு அழகு, சமாளிப்பதற்குச் சிரமம். ஒரே கம்பத்தில் வளைந்து தொங்கும் கூடையின் முழுப் பளுவும் கம்பம் அடித்தளத்தில் சேரும் ஒரே மூட்டில் இறங்குகிறது. பெட்டியில் 100 கிலோ, 120 கிலோ என்று எழுதியிருப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும் எடைக்கு. குழந்தைகள் குதித்து ஆடும்போது பளு பல மடங்காகும். மாதம் ஒருமுறை அந்த மூட்டின் வெல்டிங்கைச் சுற்றி மயிரிழை விரிசலும், பூச்சில் கொப்புளமும் இருக்கிறதா பாருங்கள். கொப்புளம் என்றால் உள்ளே துரு. ஊஞ்சலை அப்போதே நிறுத்திவிட வேண்டும், மேலே பெயின்ட் அடித்து மூடுவது ஆபத்து.

மேலே உள்ள இழுவைச் சுருள் கம்பி, யாரும் உட்காராதபோது சுற்றுகள் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் சுருள் களைத்துவிட்டது, மாற்றுங்கள். சுருளுக்குப் பக்கத்திலேயே சற்றுத் தளர்வாக ஒரு சங்கிலித் துண்டையும் மாட்டிவிட்டால், சுருள் அறுந்தாலும் கூடை விழாது. இந்தச் சிறு சங்கிலியைத் தயாரிப்பாளர்கள் ஏன் கூடவே தருவதில்லை என்பது புரியாத சங்கதி.

கூரையில் மாட்டுவோர் சீலிங் ஃபேன் கொக்கியை நம்பக் கூடாது. கான்கிரீட் தளத்தில், பூச்சுக்கு அப்பால் கான்கிரீட்டுக்குள்ளேயே இறங்கும் 10 அல்லது 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு கொண்ட தகடு வேண்டும். மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் மாட்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக், வார்ப்பு, கல்

பிளாஸ்டிக் நாற்காலியைக் குறைத்துப் பேச மாட்டோம். நனைந்தால் துடைத்தால் போதும், புயல் வந்தால் அடுக்கி உள்ளே வைக்கலாம், இந்தக் குணம் வேறெதற்கும் இல்லை. நீல்கமல், சுப்ரீம் போன்ற பெரிய கம்பெனிச் சரக்குக்கும் பெயரில்லாத சரக்குக்கும் வித்தியாசம் எடையில் தெரியும். கை வைத்த நாற்காலி இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தால் தள்ளுங்கள். கைப்பிடியை லேசாக வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் வெளுத்தால் சுண்ணாம்புப் பொடி அதிகம். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த நாற்காலியைக் கட்டைவிரலால் தேய்த்து மாவு ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. அதன்மேல் ஏறி நின்று பல்பு மாற்றப் போகாதீர்கள்.

வார்ப்பு இரும்பு பெஞ்சு காற்றுக்கு அசையாது, ஆனால் சாய்ந்து விழுந்தால் கால் முறியும், சாதாரண வெல்டிங் பட்டறையில் ஒட்டவும் வராது. வார்ப்பு அலுமினியம் துருப்பிடிக்காது, தூக்கவும் எளிது. கடற்கரை வீட்டுத் தோட்டத்துக்கு உலோகத்தில் எங்கள் தேர்வு அதுதான்.

கிரானைட் பெஞ்சுக்குப் பராமரிப்பே கிடையாது. இடம்தான் பிரச்சினை. 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அங்குலக் கனமுள்ள பலகை மட்டும் சுமார் 95 கிலோ. ஏறிப் போகத்தக்க மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில். ஆகவே மாடியில் போடுவதானால் நடுத்தளத்தில் போடாமல், உத்தரத்துக்கு மேலே, சுவரை ஒட்டிப் போடுங்கள். பழைய கட்டடம் என்றால் என்ஜினியரைக் கேட்காமல் ஏற்ற வேண்டாம். தாங்கும் கால்களைப் பலகையின் இரு முனைகளில் நிறுத்தாமல், முனையிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்தினால் நடுவில் விழும் வளைவு வெகுவாகக் குறையும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது.

மாடித் தளத்தையும் பாருங்கள். தட்டோடு பதித்த தளத்தில் மெல்லிய இரும்புக் கால் குத்தி நின்றால் ஓடு விரியும், அந்த விரிசல்தான் அடுத்த மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரமாக வரும். அகலமான ரப்பர் பாதமோ, காலுக்கு அடியில் 4 அங்குலச் சதுர டைல் துண்டோ போதும்.

வருடத்தில் எப்போது என்ன

மாதத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், கடலோரத்தில் வாரத்துக்கு ஒருமுறை. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் மெட்ரோ தண்ணீரிலோ மழைநீரிலோ இருக்கட்டும். உப்புநீரில் கழுவிக் காயவிட்டால் உப்புக்காற்றை வாளியில் அள்ளி ஊற்றுவதற்குச் சமம். காக்கை எச்சத்தை அன்றைக்கே நனைத்துத் துடைத்துவிடுங்கள், பவுடர் பூச்சில் தடம் பதித்துவிடும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை உலோகத்திலோ சிமெண்ட் பெஞ்சிலோ ஊற்றாதீர்கள். அதை பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

இரும்புச் சட்டத்தில் கீறல் விழுந்தால் புரட்டாசிக்குள் சரிசெய்துவிடுங்கள். 80 எண் உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும் வரை தேய்த்து, சுற்றியுள்ள பூச்சின் விளிம்பையும் சரிவாக்கி, தின்னரால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர். மறுநாள் எனாமல் இரண்டு கை. அலுமினியத்துக்கும் ஜி.ஐ. எனும் துத்தநாகம் பூசிய இரும்புக்கும் ரெட் ஆக்சைடு பிடிக்காது, எட்ச் பிரைமர் கேட்டு வாங்குங்கள்.

மழைக்கு மூடுகிறோம் என்று தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவது பெருந்தவறு. உள்ளே வியர்த்து, வெளியில் கிடந்ததைவிட வேகமாகத் துருவும் பூஞ்சையும் பிடிக்கும். பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ள உறையைப் போட்டு, தரைக்கு நான்கு அங்குலம் மேலேயே நிறுத்துங்கள். மேசைமேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து உறையைக் கூடாரம் போல உயர்த்தினால் நீர் தேங்காது. தேங்கினால் கொசு. தோட்டக் குடையின் அடித்தளத்தில் நீர் நிரப்புவதற்குப் பதில் மணல் நிரப்பச் சொல்வதும் இதனால்தான். 9 அடிக் குடைக்கு அடித்தளம் 25 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எடை இருந்தாலும் எழுந்து போகும்போது குடையை மடக்கிவிட்டுப் போங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் எதையும் நிறுத்தி வைக்காதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது மரங்களே வேரோடு சாய்ந்தன. பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் உள்ளே கொண்டுபோங்கள். முடியாததைக் கவிழ்த்துப் படுக்கவைத்து, நைலான் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்து, கைப்பிடிச் சுவரின் உட்பக்கம் ஒதுக்குங்கள். முட்டை ஊஞ்சலில் கூடையைக் கழற்றிவிட வேண்டும், அது காற்றைப் பிடித்துக் கம்பத்தோடு சாய்க்கும்.

வாங்கும் அன்றே அதே நிறத்தில் ஐந்து மீட்டர் இழையும், கால் மூடிகள் நான்கும் உதிரியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு அந்த நிறம் கிடைக்காது. பாலிஎத்திலீன் இழை அறுந்தால் ஃபெவிக்விக் உட்பட எந்தப் பசையும் ஒட்டாது. பழைய இழையோடு ஐந்தாறு பின்னல் தூரம் கூடவே ஓட்டி, முனையை அடிப்பக்கம் சொருகுவதுதான் ரிப்பேர். பிரம்பு நாற்காலியும் ஒயர் நாற்காலியும் பின்னுபவர்கள் அரைமணி நேரத்தில் செய்துகொடுப்பார்கள். கடினமாக இருந்தால் இழையை வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்தால் வளையும்.